ஐந்நூறு என்று போட்டிருந்த பெட்டி

அன்று சங்க அறையில் இருந்தவர்கள் நாலு பேர். செயலாளர், பொருளாளர், கம்ப்யூட்டர் சென்டர் முதலாளி, அப்புறம் நான். இல்லாதவர்களைச் சொல்வதென்றால் மில் முழுவதையும் சொல்ல வேண்டும். ஆனால் முக்கியமாக இல்லாதவர்கள் கட்டு செக்ஷன்காரர்கள். மடித்து வருகிற துணியை அழுத்தி, மேலே கோணி போர்த்தி, இரும்புப் பட்டை இழுத்துக் கட்டி லாரிக்கு அனுப்புகிறவர்கள் அவர்கள். அந்த வாரம் அவர்களுக்குப் பகல் ஷிப்டு. என் அப்பா அந்த செக்ஷன் என்பதால் அவரும் இல்லை. இருந்திருந்தாலும் அவர் பேசியிருக்க மாட்டார். பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, கடைசியில் பெயர் வருமா என்று மட்டும் கேட்டிருப்பார்.

இது நடந்து இரண்டு வருடம்கூட முழுதாக ஆகவில்லை. மில் தொழிலாளர்களின் சிக்கனச் சங்கத்துக்கு வெள்ளி விழா வந்தது. விழாவுக்கு ஒரு மலர் போடுவதென்றும், அதில் ஒருத்தர் விடாமல் எல்லா உறுப்பினர் பெயரும் வரவேண்டுமென்றும் பொதுக்குழுவில் கை தூக்கியிருந்தார்கள். பெயர், தகப்பனார் பெயர், ஊர், மில்லில் சேர்ந்த வருடம். அவ்வளவுதான். ஆனால் முதலியார்பேட்டையில் எங்கள் தெருவில் அதைப் பற்றிய பேச்சு கல்யாணப் பேச்சு மாதிரி நடந்துகொண்டிருந்தது.

எங்கள் வீட்டில் அதுவரை யார் பெயரும் அச்சில் வந்ததில்லை. வீட்டிலேயே முதலாவதாகப் பள்ளிக்கூடம் போய்ப் பத்தாவது தேறியவன் நான். அப்போது பேப்பரில் வந்தது என் நம்பர்தான். அப்பா அம்மா கல்யாணத்துக்குப் பத்திரிகை அடிக்கவில்லை. வெற்றிலை பாக்கு வைத்து வாயால் அழைத்ததோடு சரி. மில்லில் அப்பா ஒரு டோக்கன் நம்பர். சம்பளச் சீட்டிலும் அதே நம்பர், கேன்டீன் கூப்பனிலும் அதே நம்பர். மேஸ்திரி கூப்பிடுவதும் நம்பரைச் சொல்லித்தான். அது பழகிப்போய், தெருவில் யாராவது பெயர் சொல்லிக் கூப்பிட்டால் அப்பா ஒரு கணம் தாமதித்துத்தான் திரும்புவார். வேறு யாரையோ கூப்பிடுகிறார்களோ என்கிற மாதிரி.

மலர் வேலை எனக்குத்தான் வந்திருக்கிறது என்று தெரிந்த நாளிலிருந்து, காலையில் சைக்கிள் மிதியில் ஒரு காலை வைத்துக்கொண்டு கேட்பார்.

“டேய், என் பேரு அடிச்சிட்டியா?”

“இன்னும் ஸ்பின்னிங்கே முடியல நைனா.”

“கட்டு செக்ஷன் எப்ப வரும்?”

“கடைசியா.”

“கடைசியாதான் வரும். துணியே எங்ககிட்ட கடைசியாதான் வருது.”

அம்மா உள்ளேயிருந்து, “பேரு வந்துட்டா மட்டும் ரேஷன்ல ரெண்டு கிலோ சேத்துப் போடப் போறானா?” என்பாள். அதே அம்மா குழாயடியில், “எங்க ஊட்டுக்காரர் பேரு புக்குல வருதாம், என் புள்ளதான் அடிக்கிறான்” என்று சொன்னதைப் பக்கத்து வீட்டு அக்கா எனக்குச் சொல்லிவிட்டார்.

நான் வேலை பார்த்த சென்டர் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம், ஒரு பழைய தட்டச்சுப் பயிலகத்தின் மாடியில் இருந்தது. முதலாளி கீழே தட்டச்சு சொல்லிக்கொடுத்துச் சம்பாதித்ததில் மேலே ஒரே ஒரு கம்ப்யூட்டர் வாங்கி வைத்திருந்தார். செருப்பை வெளியே கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். ஜன்னல்களுக்குக் கனத்த திரை. வெளியே சித்திரை வெயில். ஏசி போட்டதால் உள்ளே எப்போதும் மார்கழி. கம்ப்யூட்டரின் கறுப்புத் திரையில் பச்சை எழுத்துகள் ஒவ்வொன்றாக முளைக்கும். கீழே பத்துப் பதினைந்து தட்டச்சுப் பொறிகள் ஒன்றாகத் தட்டுவது, மாடியில் தூரத்து மழை மாதிரி கேட்கும்.

மில்லுக்குள் பருத்தி போகிற வழியிலேயே நானும் பெயர்களை அடித்துக்கொண்டு போனேன். முதலில் பஞ்சு உதறுகிறவர்கள். பிறகு அதைச் சீவிப் பட்டையாக்குகிறவர்கள், நூல் இழுக்கிறவர்கள், தறி ஓட்டுகிறவர்கள், துணி மடிக்கிறவர்கள். எல்லாருக்கும் பிறகு கட்டு செக்ஷன். மத்தியானங்களில் அந்தக் குளிரில் கண் சொக்கும்போது, பெயர்களே பஞ்சாகப் பறந்து, நூலாக நீண்டு, திரையில் துணியாக இறங்குகிற மாதிரி இருக்கும். நான் பார்த்தேயிராத ஆட்கள். கருவடிக்குப்பத்துக்காரர் ஒருவர், அவருக்குக் கீழே அவர் மகன், இருவரும் ஒரே வருடத்தில் சேர்ந்திருக்கிறார்கள். ஏன் என்று யோசித்துக்கொண்டே அடுத்த பெயருக்குப் போய்விடுவேன்.

அடித்ததை மெட்ராஸுக்கு எடுத்துப்போக வேண்டும். அங்கே ஓர் அச்சகத்தில், பிளாப்பியைக் கொடுத்தால் அதிலிருந்தே பக்கம் பக்கமாக எடுத்துத் தருகிற மெஷின் வந்திருந்தது. பிளாப்பி என்றால் கறுப்பு உறைக்குள் இருக்கிற தட்டு. உள்ளங்கையை விரித்தால் எவ்வளவோ அவ்வளவுதான். அப்பளம் மாதிரி லேசாக வளையும். அச்சகத்தில் பக்கத்துக்கு ஒரு ரேட். அது போக, மெஷினில் ஏற்றுகிற ஒவ்வொரு பிளாப்பிக்கும் தனியாக ஒரு ரேட். சங்கத்தில் ஒரே ஒரு பிளாப்பிக்குத்தான் தீர்மானம் போட்டிருந்தார்கள்.

சிக்கல் அங்கேதான் ஆரம்பித்தது. எங்கள் சென்டரில் இருந்த, மெட்ராஸில் வாங்கிய பிளாப்பிப் பெட்டியில் முந்நூற்று அறுபது ‘கே’ என்று போட்டிருந்தது. ஒரு கே என்றால் ஆயிரத்து இருபத்துநாலு எழுத்து என்று டிப்ளமாவில் படித்திருந்தேன். நான் போட்ட கணக்கில் மலர் நாலு லட்சம் எழுத்தைத் தொட்டது. எப்படிப் பார்த்தாலும் முப்பதாயிரம் எழுத்துக்கு மேல் வெளியே நிற்கும். அதற்காகத்தான் அந்த நாலு பேர் கூட்டம்.

முதலாளி தோள்பையிலிருந்து, துண்டில் சுற்றிய ஒரு பெட்டியை எடுத்தார். மேலே கண்ணாடித்தாள் ஒட்டியபடியே இருந்தது.

“மச்சான் லீவுல வந்தாரில்ல, பிரான்சுலேர்ந்து எடுத்தாந்தது. பத்துத் தட்டு இருக்குது.”

பெட்டி பொருளாளர் கைக்குப் போனது. அவர் மில்லில் டைம் ஆபீஸ் கிளார்க். பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் படித்தவர். அதனால் மில் முழுக்க அவருக்கு, பிரெஞ்சில் ஐயா என்கிற மாதிரி, முசே என்றுதான் பெயர். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு படித்தார்.

“ஐநூறு,” என்றார்.

“ஐநூறு என்னா?” என்று கேட்டார் செயலாளர். அவர் தறிக்கூடத்தில் பிட்டர். எதையும் கழற்றிப் பார்க்காமல் நம்ப மாட்டார்.

“கிலோ ஒக்தே.”

“தம்பி சொல்ற கேவும் இதுவும் ஒண்ணா?”

என்னைப் பார்த்தார்கள். கே தெரிகிறது, அதன் பக்கத்தில் சின்னதாக ஓர் ஓ இருக்கிறதே, அது என்னவென்று எனக்குத் தெரியவில்லை என்று சொன்னேன்.

“தம்பி படிச்சது இங்கிலீஷ்காரன் அளவு. இது பிரெஞ்சுக்காரன் அளவு,” என்றார் முசே.

“அப்ப பெருசாத்தான் இருக்கும்,” என்றார் செயலாளர். “குழி மாதிரி.”

வெளியூர்க்காரர்களுக்கு இது புரியாது. எங்கள் பக்கம் நிலத்தைக் குழிக் கணக்கில்தான் பேசுவோம். எங்கள் குழி, நீளம் இருபத்துநாலு அடி, அகலம் இருபத்துநாலு அடி. எல்லையைத் தாண்டித் தமிழ்நாட்டில் கால் வைத்தால் அதே குழி பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு. பெயர் ஒன்று, அளவு நாலில் ஒரு பங்கு. புதுச்சேரியில் பிறந்தவனுக்கு இது எழுத்துக்கு முன்னால் தெரிந்துவிடும். பிரெஞ்சுக்காரன் இருந்த பக்கம் அளவு பெரிது.

“எங்க சகலை இருக்கானே,” என்று செயலாளர் கதையை ஆரம்பித்தார். “கனகசெட்டிக்குளம் தாண்டி நூறு குழி வாங்கினான். நூறு குழின்னு குதிச்சிக்கினு போனான். சங்கிலி புடிச்சிப் பாத்தா கால்வாசிதான் நிக்குது. வித்தவன் சொல்றான், ‘அண்ணா, அந்தாண்ட உங்க குழி, இந்தாண்ட எங்க குழி.’ இன்னி வரைக்கும் எங்க ஊட்ல குழிப்பணியாரம் சுட்டாக்கூட அவன் கெளம்பிடுவான்.”

முசே கண்ணில் நீர் வரச் சிரித்தார். நான் நடுவில் புகுந்து, ஒரு கே என்பது ஆயிரம் அல்ல, ஆயிரத்து இருபத்துநாலு என்று ஞாபகப்படுத்தினேன்.

“அந்த இருபத்துநாலு என்னாத்துக்கு?”

“கம்ப்யூட்டர் கணக்கு அப்படிங்க.”

“கொசுறு,” என்றார் செயலாளர் திருப்தியாக. “கொத்தமல்லி மாதிரி. ஆயிரத்துக்கு இருபத்துநாலு கொசுறு, அதுக்கு மேல பிரெஞ்சு அளவு. தாராளமாப் போதும், எழுதிக்க. ஒரே தட்டு.”

நானும் நம்பினேன். ஐந்நூறு என்கிற எண்ணே முந்நூற்று அறுபதைவிடப் பெரிது. அது பிரெஞ்சு ஐந்நூறாக இருந்தால் எவ்வளவு பெரிதோ என்று நினைக்கும்போது ஒரு கிறுகிறுப்பு வந்தது.

பெட்டியை அப்போதே பிரித்துப் பார்த்திருக்கலாம். முதலாளி சம்மதிக்கவில்லை. “வெள்ளிக்கெழம காலைல நல்ல நேரம் பாத்துப் பிரிப்போம். அதுவரைக்கும் காத்து படக்கூடாது. தூசு பூந்துட்டா போச்சி.” கல்யாணப் பட்டுப் புடவையை வைக்கிற மாதிரி, பீரோவில் மேல் தட்டில் வைத்துப் பூட்டினார்.

அதற்குப் பிறகு வந்த சாயங்காலங்களில் வேலை முடிந்து கடற்கரைச் சுவரில் உட்கார்ந்திருப்பேன். பீரோவில் இருக்கிற தட்டு என் மனதில் ஒரு நிலமாக விரிந்துவிடும். வரப்பு இல்லாத நிலம். இருபத்துநாலு அடிக்கு இருபத்துநாலு அடியாக அளந்து போகிறேன், முடியவில்லை. ஒவ்வொரு பெயருக்கும் சுற்றிலும் முற்றம் விட்டு, இரண்டு தென்னை வைத்து, பக்கத்துப் பெயரின் மேல் நிழல் விழாமல் தள்ளித் தள்ளிக் குடியேற்றலாம். நூல் இழுக்கிறவர்கள் கிழக்கே, தறிக்காரர்கள் மேற்கே. கடைசியில் கட்டு செக்ஷனுக்குக் கடல் பார்த்த பக்கம். அலை வந்து கல்லில் மோதும்போது நிலம் இன்னும் கொஞ்சம் நீளும்.

அந்தக் கனவு கையிலும் இறங்கிவிட்டது. இடம்தான் இருக்கிறதே என்று பெயருக்கும் ஊருக்கும் நடுவே தாராளமாக இடைவெளி விட்டு அடித்தேன். பத்திகள் நேராக, அழகாக நின்றன. அப்பாவின் பெயரை அடித்த அன்று அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பச்சை நிறத்தில், சுற்றிலும் கறுப்பு வெளியோடு, படகில் தனி விளக்கு மாதிரி நின்றது.

வெள்ளிக்கிழமை காலை முதலாளி சூடம் ஏற்றிக் காட்டிவிட்டுப் பெட்டியைப் பிரித்தார். புதுத் தட்டில் எதையும் எழுதுவதற்கு முன்னால், மெஷின் அதில் தானே கோடு போட்டுக்கொள்ள வேண்டும். அதற்குத்தான் பார்மட் என்று பெயர். தட்டை உள்ளே தள்ளினேன். மெஷின் முனகிக்கொண்டே சுற்றியது. முடிந்ததும், தட்டில் மொத்தம் இவ்வளவு இடம் என்று திரையில் எண் வந்தது. மூன்று லட்சத்து அறுபத்திரண்டாயிரத்துச் சொச்சம்.

“தட்டு சரியில்ல போல. வேற போடு,” என்றார் முதலாளி.

வேறு போட்டேன். அதே எண். மூன்றாவதிலும் அதே எண். கடைசியில் மெட்ராஸ் பெட்டியிலிருந்து ஒரு தட்டை எடுத்துப் போட்டேன். சொச்சம்கூட மாறாமல் அதே எண்.

பிரித்த பெட்டிக்குள் பல மொழிகளில் ஒரு மடிப்புத்தாள் இருந்தது. இங்கிலீஷில் பைட் என்று இருக்கிற இடத்திலெல்லாம், பக்கத்துப் பத்தியில் பிரெஞ்சில் ஒக்தே என்று இருந்தது. ஒரே பொருளுக்கு இரண்டு ஊரில் இரண்டு பெயர். அளவில் ஒரு விரல்கடைகூட வித்தியாசம் இல்லை. மத்தியானம் டைம் ஆபீஸிலிருந்து வந்த முசே, பெட்டியின் அடியில் பொடி எழுத்தில் இருந்த வரியைக் கண்ணாடியைத் தூரப் பிடித்து, கிட்டப் பிடித்துப் படித்தார். கோடு போடுவதற்கு முன்னால் உள்ள அளவு என்று எழுதியிருந்தது. ஐந்நூறு என்பது அதுதான். மெட்ராஸ்காரன் கோடு போட்ட பிறகு மிஞ்சுவதைப் பெட்டிமேல் போட்டிருக்கிறான். பிரான்சு பெட்டிக்காரர்கள் கோடு போடுவதற்கு முன்னால் இருந்ததைப் போட்டிருக்கிறார்கள். இரண்டு பேர் சொன்னதும் பொய்யில்லை.

“பெரிய எழுத்துல ஐநூறு. பொடி எழுத்துல உண்மை,” என்று சொல்லிவிட்டு முசே கண்ணாடியைத் துடைத்தார்.

நான் பிரதி எடுக்க ஆரம்பித்தேன். முதலில் வாழ்த்துரைகளும் பாட்டும் ஏறின. பிறகு பஞ்சு போனது, நூல் போனது, தறி போனது. துணி மடிக்கிறவர்களில் பாதியில் இடமில்லை என்று மெஷின் நின்றுவிட்டது. அப்போதுதான் நான் விட்டிருந்த இடைவெளிகள் ஞாபகம் வந்தன. வெறும் இடம் என்று நாம் நினைப்பது, தட்டில் ஓர் எழுத்தைப் போலவேதான் உட்கார்ந்திருக்கிறது. ஒன்றுமில்லாததற்கும் ஒரு நாற்காலி. அன்று முழுக்க அந்த ஒன்றுமில்லாதவற்றை ஒவ்வொன்றாக எழுப்பி அனுப்பினேன். தென்னைகளை வெட்டுகிற மாதிரி இருந்தது. பெயர்கள் நெருங்கி நெருங்கி, ஷிப்டு விடுகிற நேரத்தில் கேட்டில் நிற்கிறவர்கள் மாதிரி தோளோடு தோள் இடித்துக்கொண்டன. மடிக்கிறவர்கள் எல்லாரும் உள்ளே வந்துவிட்டார்கள். கட்டு செக்ஷனில் ஒருவருக்கும் இடமில்லை.

வீட்டுக்கு வந்தபோது அப்பா கிணற்றடியில் கை கழுவிக்கொண்டிருந்தார்.

“இன்னிக்கு முடிஞ்சிடுமின்னியே?”

“எடம் பத்தல நைனா.”

“யாருக்கு?”

“கட்டு செக்ஷனுக்கு.”

அவர் கையை மறுபடி கழுவினார். “லாரிலகூட கட்ட ஏத்தி முடிச்சி எடமிருந்தாதான் நாங்க ஏறுவோம்” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. மழை வருமா வராதா என்கிற குரலில் சொன்னார். அம்மா அன்று குழாயடிக்குப் போகவில்லை. பக்கத்து வீட்டில் ஒரு குடம் வாங்கிக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மறுபடி கூட்டம். இந்த முறை கட்டு செக்ஷன்காரர்கள் பத்துப் பேர் வந்துவிட்டார்கள். பெஞ்சில் நாலு பேர், வாசலில் மீதிப் பேர். அப்பா பெஞ்சில் ஓரமாக.

“என்னா செயலாளர், எங்க எடத்துல யாரு பட்டா போட்டுக்கினது?” என்று வாசலிலிருந்து ஒருவர் கேட்டார்.

ஐந்நூறு எங்கே போனது என்று விளக்க வேண்டிய பொறுப்பு எனக்கு. எழுந்து நின்று, மனைப்பிரிவு போடுகிறவர்களைச் சொன்னேன். ஐந்நூறு குழி நிலம் வாங்குகிறான். மனை போடும்போது ரோட்டுக்கு விட வேண்டும், கல் நட வேண்டும், வாய்க்காலுக்கு விட வேண்டும். கடைசியில் விற்க மிஞ்சுவது முந்நூற்று அறுபது குழி. நோட்டீசில் ஐந்நூறு என்று போட்டிருப்பான்; அதுவும் பொய்யில்லை. தட்டுக்குள்ளேயும் மெஷின் நடந்து போக ரோடு வேண்டும்.

“அப்ப இதுக்குள்ளயும் ரோடு உட்டிருக்கானா!” என்று செயலாளர் பிளாப்பியை வாங்கி வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். “எங்க சகலைகிட்ட சொல்லாதீங்க. தாங்க மாட்டான்.”

சிரிப்பு அடங்கியதும், எதை எடுக்கலாம் என்று பேச்சு வந்தது. மந்திரி வாழ்த்துரையை எடுக்க முடியாது. மில் மேனேஜர் வாழ்த்துரையை எடுத்தால் அடுத்த போனஸ் பேச்சில் தெரியும். மிஞ்சியது முசே எழுதிய சிக்கனம் பற்றிய கவிதை. எட்டுப் பக்கம்.

“முசே, சிக்கனத்தப் பத்தி இவ்ளோ செலவு பண்ணி எழுதியிருக்கியே,” என்றார் வாசல்காரர்.

“அது வெண்பா. ஒரு சீர உருவினா மொத்தமும் சரிஞ்சிடும்.”

“நாங்க கட்டித் தரோம் முசே. இரும்புப் பட்டை போட்டு.”

முசேவின் முகம் சிவந்தது. என்னைப் பார்த்து, “தம்பி, மொத்தப் பாட்டையும் எடுத்துட்டா கட்டு செக்ஷன் உள்ள வந்துடுமா?” என்று கேட்டார். பேப்பரில் கணக்குப் போட்டேன். பாதிப் பேர் வருவார்கள் என்று சொன்னேன்.

“எந்தப் பாதி?” என்று கேட்டார் செயலாளர்.

பெஞ்சில் இருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்க்காமல் தரையைப் பார்த்தார்கள். அப்பா தன் கட்டை விரலில் இரும்புப் பட்டை கிழித்த பழைய தழும்பைத் தடவிக்கொண்டிருந்தார்.

“ரெண்டாவது தட்டு போட்டுடலாம்,” என்றேன். என் குரல் எனக்கே கேட்டது. அச்சகத்தில் அதற்கும் முழு ரேட் வாங்குவார்கள் என்றும் சொல்லிவிட்டேன்.

“தீர்மானத்துல ஒரு தட்டுன்னுதான் இருக்குது,” என்றார் முசே. பொருளாளர் வேறு எப்படிப் பேசுவார்?

“நாங்களே போட்டுக்கறோம்,” என்றார் வாசல்காரர். “ஆளுக்குக் கொஞ்சம்.”

“வாய மூடு,” என்று செயலாளர் கத்தினார். “சங்கத்துப் புக்குல பேரு வரதுக்கு நீ காசு குடுப்பியா? தறிக்காரன் குடுத்தானா? வெளிய தெரிஞ்சா காறித் துப்புவானுங்க.”

முசே விழாச் செலவுத் தாளை எடுத்து மேலிருந்து கீழே விரலை ஓட்டினார். ஓரிடத்தில் நிறுத்தி, பேனாவால் ஒரு கோடு போட்டார்.

“எனக்கு மாலையும் பொன்னாடையும் போடறதா இருக்குதில்ல? அது வேணாம். அந்தக் காச இதுக்கு எடு.”

“முசே, அது பொதுக்குழுவுல எல்லாருமா சேந்து...”

“சித்திரையில சால்வைய மூடிக்கினு நான் ஒக்கார்றதா? வேர்த்துச் செத்துடுவேன்யா.”

“பாட்டு இருக்கட்டும் முசே,” என்றார் வாசல்காரர். கொஞ்சம் தாழ்ந்த குரலில்தான் சொன்னார்.

இரண்டு தட்டுகளையும் அட்டைக்கு நடுவே வைத்து, மடியில் பரப்பிக்கொண்டு மெட்ராஸ் பஸ்ஸில் போனேன். வளையக் கூடாது, வெயில் படக் கூடாது என்று முதலாளி பலமுறை சொல்லி அனுப்பியிருந்தார். கோரிமேடு தாண்டி எல்லை வந்தபோது ஜன்னலுக்கு வெளியே வயல்கள் ஓடின. இந்த இடத்தில் குழி சுருங்குகிறது என்று தோன்றியது. வரப்பில் ஒரு கொக்கு நின்றது. அதன் ஒரு கால் எங்கள் குழியிலும் ஒரு கால் அவர்கள் குழியிலும் இருக்கலாம். நிலத்துக்கு எதுவும் தெரிந்த மாதிரி இல்லை. திண்டிவனம் வரை அரைத் தூக்கத்தில், என் மடியில் ஒரு மில்லே படுத்துத் தூங்குகிற மாதிரி, மூச்சைக்கூடப் பார்த்துப் பார்த்து விட்டேன்.

முதல் தட்டுக்கு அந்த நாள் சரியாகப் போய்விட்டது. இரண்டாவதை மறுநாள்தான் ஏற்றினார்கள். மெஷினில் உட்கார்ந்திருந்தவர் திரையைப் பார்த்துவிட்டுத் திரும்பினார்.

“என்னங்க இது, முக்காவாசிக்கு மேல காலியா கெடக்குது?”

“கட்டு செக்ஷன்காரங்க மட்டும்தாங்க அதுல.”

“காலியா இருந்தாலும் ரேட்டு அதாங்க.”

சரி என்றேன். எனக்கு அது காலியாகத் தோன்றவில்லை. இந்தத் தட்டில் மட்டும் நான் இடைவெளிகளை எடுக்கவில்லை. மில் முழுக்க ஒரே தட்டில் தோள் இடித்துக்கொண்டு நிற்க, எங்கள் ஆட்கள் மட்டும் ஒரு முழு நிலத்தில் காற்றாட உட்கார்ந்திருந்தார்கள். வேண்டுமானால் படுத்துக்கொள்ளலாம். மெஷினிலிருந்து முதல் தாள் சூடாக வெளியே வந்தது. அதை வாங்கி ஜன்னலோரம் கொண்டுபோய், பச்சையாக இருந்த அப்பாவின் பெயர் கறுப்பாக மாறியிருப்பதைப் பார்த்தேன்.

ஊர் திரும்பியதும் அந்தத் தாளின் ஒரு பிரதியை அப்பாவிடம் கொடுத்தேன். அவருக்குப் படிக்க வராது. பனியனில் கையைத் துடைத்துவிட்டு வாங்கினார்.

“எதுடா?”

விரலைப் பிடித்து வைத்தேன். விரல் அந்த வரியின் மேலேயே நின்றது.

“எனக்கு மேல இருக்கறது யாரு?”

அவரோடு ஒரே பட்டையின் மறுமுனையை இழுக்கிறவரின் பெயரைச் சொன்னேன்.

“அவனா? அவன் எனக்கு அப்பறம் சேந்தவன்டா!”

“அகர வரிசை நைனா. எழுத்துப்படி அவர் முன்னாடி வருவாரு.”

“எழுத்துல முன்னாடி வந்துட்டா ஆச்சா? முதல்நாளு அவனுக்குப் பட்டை இழுக்கச் சொல்லிக் குடுத்ததே நான்தான்.” தாளை அம்மாவிடம் நீட்டினார். “பாரு, என் தலைமேல அவன ஒக்கார வெச்சிருக்கான் உன் புள்ள.”

“இத்தினி வருசமா வேலைய அவன் தலைமேல நீ வெச்சல்ல,” என்றாள் அம்மா. தாளை வாங்கி, சாதத்துக்கு வடித்த கஞ்சி படாத இடமாகப் பார்த்து, மேலே வைத்தாள்.

பொன்னாடைக் காசுக்கு முசேவிடம் கணக்குக் கொடுத்தேன்: இரண்டாவது தட்டுக்கு அச்சகத்தில் வாங்கியது நூற்று இருபது ரூபாய். ஒரு நாள் கூடுதலாகத் தங்கியதில் எனக்குச் சாப்பாடும் டீயும் எட்டே முக்கால். ஆக மொத்தம், நூற்று இருபத்தெட்டு ரூபாய் எழுபத்தைந்து பைசா.